பாய் அறையைக் கேட்டு நாம் போடும் மனுவைப் பற்றி

நம் குடியிருப்புத் தமிழ்க் குழு நண்பர்களுக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் குழுவில் சுற்றுக்கு வந்த மனுவைப் பார்த்தேன். நாற்பது குடும்பங்களில் முப்பத்தொரு குடும்பம் கையெழுத்துப் போட்டாயிற்று, என் வீட்டுக்காரரும் சேர்த்து. நான் போடவில்லை. "ஏன் போடலை, மறந்துட்டீங்களா?" என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். மறக்கவில்லை. அங்கேயே இரண்டு வரியில் பதில் போட்டால் அது சண்டையில் போய் முடியும், பொங்கல் விழாச் செலவுக் கணக்கில் பட்டதே போதும். அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி ஒரு மடலாகவே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விவரம் தெரியாதவர்களுக்காக: நம் ஊர் கோமின்கானில், அதாவது இங்கே ஜப்பானில் சொல்கிற சமூகக் கூடத்தில், அடுத்த வருடம் பராமரிப்பு வேலை வருகிறது. பயன்படுத்துகிறவர்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருக்கிறார்கள். நம் மனு மூன்று விஷயம் கேட்கிறது. மாடியில் உள்ள ததாமி அறையை, அதாவது தடித்த பாய் பதித்த அறையை, வியாழன் காலை தூரிகை எழுத்துக்கும் சனி மதியம் தேநீர் கலக்கிப் பரிமாறும் கலை வகுப்புக்கும் ஒதுக்கியிருப்பதை நிறுத்திவிட்டு யோகாவுக்கும் பிள்ளைகளின் நடனத்துக்கும் தர வேண்டும். ததாமியை எடுத்துவிட்டு மரத்தளம் போட வேண்டும். ஜப்பானியக் கலை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு வருடத்தில் ஒரு நாள் 'அனுபவ நிகழ்ச்சி' வைத்தால் போதும். நல்ல மரியாதையான ஜப்பானிய மொழியில்தான் எழுதியிருக்கிறோம். எழுதிய தம்பிக்குப் பாராட்டு. ஆனால் மூன்றுமே தப்பு என்று நினைக்கிறேன், மூன்றாவதுதான் பெரிய தப்பு.

எனக்கு இதில் சொந்த லாபம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வருடமாக அந்த வியாழன் வகுப்புக்குப் போகிறேன். கடைசி இரண்டு வருடமாகப் புதிதாக வருகிறவர்களுக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையைச் சென்சே, அதாவது ஆசிரியர், என்னிடம் விட்டிருக்கிறார். சென்சேக்கு எண்பத்தொன்று. எனக்குச் சம்பளம் எதுவும் கிடையாது, அவருக்கே கிடைப்பது மாதம் ஆளுக்கு 1,500 யென், அதில் பாதி தாளுக்கும் மைக்கும் போய்விடும்.

நான் ஆசைப்பட்டுப் போனவளும் இல்லை. இங்கே மூன்றாம் வகுப்பில் தூரிகை எழுத்துப் பாடம் வந்துவிடும், உங்கள் எல்லோர் வீட்டிலும் அந்தக் கனமான பை இருக்கும்: தூரிகை, புட்டி மை, மைக்கல், விரிப்பு, தாள் பறக்காமல் வைக்க ஒரு இரும்புக் கட்டை. பெரியவன் அதைத் தூக்கிக்கொண்டு போய் வெள்ளைச் சட்டையில் மையோடு திரும்பி வருவான். துவைத்துத் துவைத்து அலுத்துப்போய், இதை எப்படித்தான் பிடிக்கிறது என்று பார்த்துவரலாமே என்று மாடி ஏறினேன். டோக்கியோவின் நிஷிகசாய் மாதிரி தடுக்கி விழுந்தால் நம்மாட்கள் மேல் விழுகிற இடமில்லை இந்தச் சைதாமா ஓரம், அப்போது நம் குழுவும் இவ்வளவு பெரிதில்லை. பகலில் பேச ஒரு ஆள் கிடைக்காதா என்பதும் உள்ளுக்குள் இருந்தது. சரி, அதையும் சொல்லிவிட்டேன்.

முதல் நாள் பேசவே விடவில்லை. கையில் ஒரு மைக்கட்டியைக் கொடுத்து, கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, தேய் என்றார். புட்டி மை மேஜை மேலேயே இருக்கிறது, அது எதற்கு இருக்கிறது என்று எனக்குள் ஒரு எரிச்சல். மைக்கட்டி என்பது விளக்குப் புகைக்கரியையும் விலங்குப் பசையையும் பிசைந்து காயவைத்தது, பெரும்பாலும் நாரா ஊரில் செய்வது, தேய்க்கத் தேய்க்க ஒரு வாசனை வரும், பழைய பெட்டியைத் திறந்த மாதிரி. ஐந்து நிமிடம் அழுத்தித் தேய்த்துவிட்டுப் போதுமா என்று காட்டினேன். தாளில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார், கழுநீர் மாதிரி வெளிறிக் கிடந்தது. என் தோளில் கையை வைத்துக் கீழே அமுக்கினார், அப்போதுதான் தோள் இரண்டும் காது வரை ஏறி நிற்பது எனக்கே தெரிந்தது. "கனம் வேண்டாம், கையோட எடை போதும்" என்றார். பதினைந்து நிமிடம். அதுவரை ஒரு எழுத்து எழுதவில்லை, ஆனால் மூச்சு நிதானத்துக்கு வந்துவிட்டது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், மனுவில் 'கலை வகுப்புகளுக்குப் பதிலாக ஆரோக்கிய வகுப்புகள்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த 'பதிலாக' என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது. அங்கே கலையும் ஆரோக்கியமும் தனித்தனி வகுப்பு இல்லை. மருத்துவக் கதை எல்லாம் விட மாட்டேன், எனக்குச் சர்க்கரை இறங்கியது, அழுத்தம் இறங்கியது என்று எதுவும் சொல்லப் போவதில்லை. சின்னவள் பிறந்தபின் தூக்கம் கெட்டுக் கிடந்த நாட்களில், வாரத்தில் ஒரு காலை, என் கை என் பேச்சைக் கேட்ட இடம் அது ஒன்றுதான். அவ்வளவே.

அப்புறம் அந்த எழுத்து. 'எய்' என்று ஒரு எழுத்து, 'நெடுங்காலம்' என்று பொருள். அதற்குள் தூரிகையின் எட்டு விதமான அசைவும் அடங்கிவிடும், புள்ளி, கிடைக்கோடு, கொக்கி, இடப்பக்கம் சரிவு, வலப்பக்கம் இழுப்பு என்று. அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு அதைத்தான் கொடுப்பார்கள், தேர்ந்தவர்களும் அதற்கே திரும்பி வருவார்கள். எனக்கு வலப்பக்க இழுப்பு வரவே வரவில்லை, முடிவில் தூரிகையை அழுத்தி நிறுத்திப் பிறகு மெல்ல எடுக்க வேண்டும், நான் பேருந்தைப் பிடிக்கிற மாதிரி இழுத்துவிடுவேன். நாலாவது வாரம் சென்சே பின்னால் வந்து மண்டியிட்டு, என் கையைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டு எழுதினார். விஜயதசமி அன்று தாத்தா மடியில் உட்கார வைத்து, தாம்பாளத்து அரிசியில் என் விரலைப் பிடித்து 'அ' எழுதினாரே, அதே பிடி. முப்பத்து நாலு வயதில், இன்னொரு நாட்டில், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மை காட்டமாக இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். பிறகு அந்தத் தாளில் சிவப்பு மையால் திருத்திவிட்டு, ஓரத்தில் ஒரு பூ வட்டம் போட்டுத் தந்தார். நம் பிள்ளைகளின் நோட்டில் டீச்சர் போடுவாரே, 'ஹனாமாரு', அதேதான். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தேன். பெரியவன் சிரித்தான்.

வருடத்துக்கு ஒரு நாள் 'அனுபவ நிகழ்ச்சி' என்கிறோமே, அந்த ஒரு நாளில் கிடைப்பது என்ன என்று எனக்குத் தெரியும், இரண்டு முறை நானே நடத்த உதவியிருக்கிறேன். புட்டி மை, தன் பேரைக் கத்தகானா என்ற ஜப்பானிய எழுத்தில் எழுதுவது, ஒரு படம், கைதட்டல், வீட்டுக்குப் போவது. தப்பில்லை, ஜாலியாகத்தான் இருக்கும். ஆனால் நம் வீட்டுப் பெண்ணைப் பரதநாட்டிய வகுப்பில் சேர்த்துவிட்டு, வருடத்தில் ஒரு நாள் வந்து சலங்கை கட்டிப் படம் எடுத்துக்கொண்டு போ என்று டீச்சர் சொன்னால் நாம் விடுவோமா? தட்டடவுக்கே ஆறு மாதம் ஆகும் என்று நாமே பேசுகிறோம். இங்கே பழகுவதை 'கெய்கோ' என்பார்கள், பழையதை மறுபடி மறுபடி நினைத்துப் பார்ப்பது என்பது அந்த எழுத்துகளின் பொருள். வாரா வாரம், ஒரே நாள், ஒரே அறை. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது படம் மட்டும்தான்.

இப்போது ததாமிக்கு வருகிறேன். இதுவும் கோரைப் பாய்க்குச் சொந்தம்தான், இகுசா என்ற, கோரை மாதிரி ஒரு செடி, ஜப்பானில் விளைவதில் பெரும்பகுதி கியூஷூத் தீவில் குமமோதோ பக்கம்தான். பத்தமடைப் பாய் மாதிரி சுருட்டி வைக்க முடியாது, ஐந்தாறு சென்டிமீட்டர் தடிமனில் ஒரு அடிக்கட்டையின் மேல் இறுக்கித் தைத்தது. மெத்தென்று இருக்கும், கிழவர்கள் தடுமாறி விழுந்தாலும் கல்தரை மாதிரி அடிபடாது. நம் அறையில் இன்னொன்றும் இருக்கிறது, கவனித்தவர்கள் குறைவு: ஜன்னல் பக்கம் ஒரு பாயில் சின்னதாக ஒரு சதுர மூடி. அதைத் தூக்கினால் கீழே 42 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு கணப்புக் குழி. தேநீர் வகுப்பில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அதில்தான் கெட்டில் உட்காரும், மே மாதம் மூடிவிட்டு வேறு அடுப்புக்கு மாறுவார்கள், குளிர்காலத்தில் நெருப்பு விருந்தாளிக்குப் பக்கத்தில், வெயில் காலத்தில் தள்ளி. மரத்தளம் போட்டால் அந்தக் குழி போய்விடும். பிறகு யாரும் இன்னொரு முறை தளத்தை வெட்டப் போவதில்லை. நாம் 'தளம் மாற்றம்' என்று எழுதியிருக்கிறோம், அவர்கள் காதில் அது அடுப்பை இடிப்பதாகத்தான் விழும்.

"தரையில் உட்கார முடியாத கிழவர்களுக்கே மரத்தளமும் நாற்காலியும்தான் வசதி" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு அவர்களிடம் 150 வருடமாகப் பதில் இருக்கிறது. 1872இல் கியோத்தோவில் ஒரு கண்காட்சி நடந்தது, வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள், மண்டியிட்டு உட்கார மாட்டார்கள் என்று உராசென்கே என்ற தேநீர்க் குடும்பத்தின் தலைவர் மேஜை, முக்காலியில் உட்கார்ந்து தேநீர் கலக்கும் முறை ஒன்றை உண்டாக்கினார். ரியூரெய் என்று பேர். சனிக்கிழமை வகுப்பில் முட்டி போனவர்கள் இரண்டு பேர் சின்ன முக்காலியில்தான் உட்காருகிறார்கள், யாரும் எதுவும் நினைப்பதில்லை. மண்டியிட்டு உட்காரும் செய்சாவில் கேவலப்பட்டது நான்தான். முதல் சனிக்கிழமை இருபது நிமிடம் வீம்பாக உட்கார்ந்துவிட்டு எழுந்தேன், கால் என்னுடையதாக இல்லை, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து காகிதக் கதவில் கையை விட்டேன். ஓட்டை. பக்கத்தில் இருந்த எழுபத்தெட்டு வயதுப் பாட்டி தரையில் கை ஊன்றாமல் சட்டென்று எழுந்து எனக்குத் தண்ணீர் கொண்டு வந்தார். ஆரோக்கிய வகுப்பு என்றால் என்ன என்று அன்றைக்குக் கொஞ்சம் புரிந்தது. கதவில் அந்த ஓட்டையை ஒரு பூ வடிவக் காகிதம் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், இப்போதும் பார்க்கலாம்.

யோகாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உடற்பயிற்சியே தெரியாத ஊருக்கு நாம் கொண்டுவந்து கொடுக்கிற மாதிரி மனுவில் ஒரு தொனி இருக்கிறது, அதைப் படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. பூங்காவில் காலை 6.30க்கு என்.எச்.கே. வானொலியை வைத்துக்கொண்டு கை வீசுகிறார்களே, அந்த ரேடியோ தைசோ 1928இல் ஆரம்பித்தது. ஆரம்பித்தது யார் என்று நினைக்கிறீர்கள், அஞ்சல் துறையின் ஆயுள் காப்பீட்டுப் பிரிவு! அமெரிக்காவில் ஒரு காப்பீட்டுக் கம்பெனி வானொலியில் உடற்பயிற்சி நடத்தியதைப் பார்த்துவிட்டு வந்து செய்தது. போருக்குப் பிறகு நின்றுபோய், 1951இல் புதிய வடிவில் திரும்ப வந்தது. பதின்மூன்று அசைவு, மூன்று நிமிடம் சொச்சம். நம் பூங்காவில் முன்னால் நின்று செய்து காட்டும் தாத்தா தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், "இது எங்க டிபார்ட்மென்ட் பயிற்சி" என்று பெருமையாகச் சொல்வார். நம் பிள்ளைகள் கோடை விடுமுறையில் அட்டையில் முத்திரை வாங்குவது அவரிடம்தான். செவ்வாய்க்கிழமை கீழே பெரிய ஹாலில் மணிக்கட்டில் எடைப் பட்டை கட்டிக்கொண்டு பாட்டிகள் நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகக் கை தூக்குவது 'இகிஇகி ஹியாகுசாய் தைசோ', 2002இல் கோச்சி நகரம் உருவாக்கியது, இன்று நாடு முழுக்க நடக்கிறது. வியாழன் வகுப்பிலுள்ள ஏழு பேரில் ஐந்து பேர் செவ்வாய்க்கிழமை அங்கேயும் இருப்பார்கள். தூரிகைக்குத் தோள் வேண்டும் என்று ஒரு பாட்டி காரணம் சொன்னார். 

கோமின்கான் எதற்கு என்று கேட்டால், 1946இல், போர் முடிந்த மறு வருடம், தொடங்கியது. ஆரம்பத்தில் பல ஊர்களில் தனிக் கட்டடம்கூடக் கிடையாது, பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் நடந்தது. 1949இல் வந்த சமூகக் கல்விச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் இதன் நோக்கம் இருக்கிறது. அறிவை வளர்ப்பது, உடல் நலம் பேணுவது, மனத்தைப் பண்படுத்துவது, அன்றாட வாழ்வின் பண்பாட்டை வளர்ப்பது, சமூக நலன், எல்லாம் ஒரே மூச்சில் ஒரே வாக்கியத்தில். கலை ஒரு பிரிவு, ஆரோக்கியம் ஒரு பிரிவு என்று அவர்களே பிரிக்கவில்லை, நாம் மனு போட்டுப் பிரிக்கிறோம். 2021இல் தூரிகை எழுத்தை, பதிவு செய்யப்பட்ட தொட்டுணர முடியாத பண்பாட்டுச் சொத்து என்று அரசு முதன்முதலாகப் பட்டியலில் சேர்த்தது, கூடவே சாக்கே என்ற அரிசி மது காய்ச்சும் கலையையும். அரசு பட்டியலில் போட்டுவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். வியாழக்கிழமை மாடியில் ஏழு பேர்தான் இருக்கிறார்கள்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பானது. சொல்லாமல் விடத்தான் நினைத்திருந்தேன்.

போன தீபாவளிக்கு அந்த அறையை நாம் எடுத்தோம். சாப்பாடு கீழே என்று விதி, மழை வந்ததாலும் கீழே ஹால் காலியாகாததாலும் மேலேயே பரிமாறினோம். நானும்தான் பரிமாறினேன். சாம்பார் வாளி சாய்ந்தது, டிஷ்யூவால் ஒற்றினோம், பிள்ளைகளில் சிலர் செருப்போடு பாய் மேல் ஓடினார்கள், இரவு பத்து மணிக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். அடுத்த வியாழன் நான் கொஞ்சம் முன்னாலேயே போனேன். சென்சேயும் இரண்டு பாட்டிகளும் முட்டி போட்டு உட்கார்ந்து, இறுக்கிப் பிழிந்த துணியால் கோரை ஓடும் வாக்கிலேயே துடைத்துக்கொண்டிருந்தார்கள், குறுக்கே துடைத்தால் நார் கிளம்பிவிடும். மஞ்சள் போகுமா? நமக்குத் தெரியாததா அது. என்னைப் பார்த்ததும் "நிகழ்ச்சி நல்லா நடந்ததா? பாட்டுச் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது" என்றார் சென்சே. அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை. பிறகு ததாமி வேலைக்காரர் வந்து, மேல்விரிப்பைப் பிரித்து உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டுத் தைத்துவிட்டுப் போனார், உராகாஎஷி என்பார்கள். செலவு அவர்கள் வகுப்பு நிதியிலிருந்து. எவ்வளவு என்று கேட்டேன், சொல்லவில்லை. நானும் குழுவில் சொல்லவில்லை, எனக்கு வெட்கம். அது என் தப்பு, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் டிசம்பரில், ஜனவரி 2ஆம் தேதி எழுதும் புத்தாண்டு முதல் எழுத்து பள்ளி விடுமுறைப் பாடமாக வந்தபோது, நம் பிள்ளைகள் ஐந்து பேரை அதே பாயில் உட்கார வைத்து, காசு வாங்காமல், நீளத் தாளில் எழுத வைத்து அனுப்பினார். அந்த ஐந்து வீட்டுக் கையெழுத்தும் மனுவில் இருக்கிறது. குத்திக்காட்டவில்லை, என் வீட்டுக் கையெழுத்தும் அதில் ஒன்றுதான்.

சரி, என்ன செய்யலாம்?

நமக்கு வேண்டியது யோகாவுக்கும் நடனத்துக்கும் ஒரு இடம். நடனத்துக்குத் ததாமி ஆகவே ஆகாது, காலைத் தட்டினால் பாயும் போகும், சத்தமும் வராது. கீழே சின்ன ஹாலில் மரத்தளம் ஏற்கனவே இருக்கிறது, கண்ணாடியும் இருக்கிறது. முன்பதிவுப் பலகையைப் போய்ப் பார்த்தேன், ஞாயிறு காலை 9லிருந்து 12 வரை மூன்று மாதமாகக் காலி. நாம் இன்னும் குழுவாகப் பதிவு செய்யாததால் மாதா மாதம் குலுக்கலில் மாட்டிக்கொள்கிறோம், அதுதான் நிஜமான பிரச்சினை. இங்கே பதிவுக்குப் பத்து பேர் வேண்டும், பெரும்பாலோர் இந்த ஊரில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நமக்குப் பத்து பேர் ஒரு பொருட்டா? படிவத்தை வாங்கி வைத்திருக்கிறேன், நானே நிரப்பிக் கொடுக்கிறேன். யோகா சொல்லிக்கொடுக்கும் அக்காவுக்குக் கட்டணம் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். லாபத்துக்காக மட்டும் நடத்தக்கூடாது என்பதுதான் சட்டத்தின் சாரம், செலவுக்கும் ஆசிரியருக்கும் உறுப்பினர்கள் பகிர்ந்து கொடுப்பதில் நம் கூடத்தில் இதுவரை யாரும் குறுக்கே நிற்கவில்லை, வியாழன் வகுப்பே அப்படித்தான் நடக்கிறது.

அதே பத்துப் பேர் விதிதான் அந்த வகுப்பின் கழுத்திலும் நிற்கிறது. போன வருடம் பதினொரு பேர் இருந்தோம், ஒருவர் இறந்துவிட்டார், இருவர் மகள் வீட்டோடு போய்விட்டார்கள், ஒருவருக்குக் கை நடுக்கம். மார்ச் மாதம் பதிவைப் புதுப்பிக்கும்போது ஏழாகவே இருந்தால் நம் மனுவே தேவையில்லை, அறை தானாகக் கைவிட்டுப் போய்விடும். மூன்று பேர் வேண்டும். சென்சே இதை யாரிடமும் கேட்க மாட்டார், நான் கேட்கிறேன். பகலில் வீட்டில் இருக்கும் அக்காக்கள், ஊரிலிருந்து மூன்று மாத விசாவில் வந்து ஜன்னல் வழியாக ரயிலை எண்ணிக்கொண்டிருக்கும் அம்மா அப்பாக்கள் யாராவது இருந்தால் அனுப்பி வையுங்கள், விசாவில் வந்தவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள்தான், பரவாயில்லை, வரட்டும். மொழி தெரிய வேண்டியதில்லை. மை தேய்க்கும்போது யாரும் பேசுவதில்லை.

மனுவைத் திரும்பப் பெறுவதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசலாம், நான் வருகிறேன், திட்டுவதானால் அங்கே வைத்துத் திட்டுங்கள். ததாமி தைத்த செலவைக் குழு நிதியிலிருந்து ஒரு உறையில் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்துவிடுவோம். தொகை தெரியாவிட்டால் அந்த வேலைக்காரரின் கடையில் கேட்டுக்கொள்ளலாம், ஸ்டேஷனுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

வகுப்பு வியாழன் காலை 10 மணி. தூரிகை, கல் எல்லாம் அங்கேயே இருக்கிறது. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள், ஒரு ஜோடி சுத்தமான காலுறை கையில் எடுத்து வாருங்கள், அறை வாசலில் மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
மூன்றாவது மாடிக்காரி